எழுபது வளைவும் இடது காலும்

‘வயசு ஐம்பதைத் தாண்டியாச்சு. பொண்ணு கல்யாணம் முடிஞ்சாச்சு. சொசைட்டிக் கடனும் அடைஞ்சாச்சு. மறுபடியும் ஒரு பெரிய வண்டி வாங்கி ஓட்டலாமுங்களா? எதை வாங்கறது?’

உரக்கடை வாசலிலும் பால் சொசைட்டித் திண்ணையிலும் இப்போது அடிக்கடி எழும் கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு காலத்தில் புல்லட்டோ, யெஸ்டியோ, ராஜ்தூத்தோ வைத்திருந்தவர்கள். நடுவில் இருபது வருஷம் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் புல்லுக்கட்டும் உரமூட்டையும் சுமந்தவர்கள். பரமத்தி வேலூரில் காவிரிக்கரையை ஒட்டிக் கொடிக்கால் வைத்திருக்கும் ஒரு விவசாயிக்கும் இந்தக் கேள்வி வந்தது. அதற்கு விடை தேடிப் போனவர், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் ஒன்றில் அதைக் கண்டுபிடித்தார். கொஞ்சம் வலிக்க வலிக்கத்தான்.

அவருக்கு வயது 55. ஒரு ஏக்கரில் வெற்றிலை, மீதியில் தென்னையும் வாழையும். 1994-ல் செகண்ட் ஹேண்டில் ஒரு புல்லட் வாங்கினார். வேலூர் வெற்றிலைச் சந்தைக்குச் சுமை போவதும் அதில்தான், கல்யாணமான புதிதில் மனைவியை மோகனூர் கோயிலுக்குக் கூட்டிப்போனதும் அதில்தான். 2002-லும் 2003-லும் மழை பொய்த்தது. காவிரியில் மணல்தான் ஓடியது. ராஜா வாய்க்காலில் தண்ணீர் வராமல் கொடிக்கால் கருகத் தொடங்கியபோது, போர் போட அந்த புல்லட்டை விற்றார். தண்ணீர் கிடைத்தது. கொடிக்கால் பிழைத்தது. புல்லட் போன இடம் தெரியவில்லை.

அதன்பின் எக்ஸ்எல்தான். குறை சொல்ல முடியாத வண்டி அது. 90 கிலோவுக்கும் கீழே எடை. வரப்பில் சாய்ந்தால் ஒரு கையால் தூக்கி நிறுத்தலாம். ஆனால் எக்ஸ்எல் ஓட்டுகிறவர் தன்னை ‘வண்டி ஓட்டிக்கொண்டே இருக்கிறவன்’ என்று நினைத்துக்கொள்வதில்தான் வினை தொடங்குகிறது. கிளட்ச் இல்லை, கியர் இல்லை, எடை இல்லை. இருபது வருஷம் இதை ஓட்டிய கை, பெரிய வண்டியைப் பொறுத்தவரை இருபது வருஷம் ஓட்டாத கைதான்.

நாமக்கல் கடைகளில்

தை மாதம் ஒரு நாள் நாமக்கல்லுக்குப் போய் மூன்று ஷோரூம்களில் ஏறி இறங்கினார். துணைக்கு அவருடைய அக்கா மகன். லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிற பையன். எடை, அச்சு, வெல்டிங் என்றால் கண்ணாலேயே அளப்பவன்.

“மாமா, சிசி எத்தனைன்னு கேக்காதீங்க. மொதல்ல உக்காந்து ரெண்டு குதிகாலும் தரையில படுதான்னு பாருங்க” என்றான். அன்று கேட்டதிலேயே உருப்படியான யோசனை அதுதான்.

அவர் உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். கிளாசிக் 350-ன் சீட் உயரம் 805 மில்லிமீட்டர். ஹோண்டா ஹைனஸ் சிபி 350-ல் 800. இரண்டிலும் முன்னங்கால்தான் ஊன்றியது, குதிகால் அந்தரத்தில் நின்றது. சமதளத்தில் இது பெரிய குறையில்லை. முழங்கால் நன்றாக இருக்கும் இளவட்டத்துக்குக் குறையே இல்லை. இவருக்கோ வலது முழங்காலில் தேய்மானம். அடுத்து மீட்டியர் 350. சீட் உயரம் 765. இரண்டு பாதமும் முழுதாகப் பதிந்தன. பஜாஜ் அவெஞ்சர் 220 இன்னும் தாழ்வு, 737.

மீட்டியரும் அவெஞ்சரும் ‘க்ரூஸர்’ வகை. திண்ணையில் சாய்ந்து காலை நீட்டி உட்காருகிற வாக்கில் ஓட்டும் வண்டி என்று வைத்துக்கொள்ளலாம். சீட் தாழ்வாக இருக்கும். கால் வைக்கும் இடம் சற்று முன்னே தள்ளி இருக்கும். ஹேண்டில்பார் அகலமாக, ஓட்டுபவரை நோக்கி வளைந்து வரும். இரண்டு சக்கரத்துக்கும் இடைவெளி அதிகம். முழங்கால் அதிகம் மடங்காது என்பதால் மூட்டு நோவு உள்ளவர்களுக்கு இது ஒத்துவரும். ஆனால் கால் முன்னே இருப்பதால், பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டாண்டில் ஊன்றி எழுந்து நிற்க வராது. குழியின் அடி அத்தனையும் முதுகெலும்புக்குத்தான் போகும். முழங்காலா, முதுகா? இரண்டில் எது நமக்கு அதிகம் பழுது என்று தெரிந்துகொண்டுதான் க்ரூஸர் பக்கம் போக வேண்டும். விற்பனைப் பையன்கள் இதைச் சொல்லமாட்டார்கள். அவர்களுக்கு முதுகு இன்னும் வலிக்க ஆரம்பிக்கவில்லை.

பிறகு எடை. யூரியா மூட்டை இப்போது 45 கிலோ என்பது நமக்குத் தெரியும். ஹோண்டா 181 கிலோ, அதாவது நான்கு யூரியா மூட்டை. மீட்டியர் 191, கிளாசிக் 195. அவெஞ்சர் 163தான். அதே கடையில் பளபளவென்று நின்ற சூப்பர் மீட்டியர் 650-ன் மேல் அவருக்கு ஒரு கண் விழுந்தது. சீட் 740 மில்லிமீட்டர்தான், கால் அழகாகத் தரையைத் தொட்டது. ஆனால் எடை 241 கிலோ. ஐந்து டிஏபி மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. தரைக்கும் வண்டி அடிப்பகுதிக்கும் இடைவெளி 135 மில்லிமீட்டர்தான். நம் கிராமத்து வேகத்தடைகளையும், வாய்க்கால் கரையில் டிராக்டர் டயர் தோண்டிய தடத்தையும் அது தாண்டுவதற்குள் வயிறு உரசிவிடும். இது போதாதென்று 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம் ஆனது. “அந்த வித்தியாசத்துல ஒரு கன்னுக்குட்டி வாங்கிரலாம் மாமா” என்று பையன் கதையை முடித்தான்.

டயர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஸ்போக் சக்கரம் பார்க்க லட்சணம்தான். ஆனால் அதில் பெரும்பாலும் டியூப் இருக்கும். சீமைக்கருவேல முள் குத்தினால் நின்ற இடத்திலேயே காற்று இறங்கும், சக்கரத்தைக் கழற்றித்தான் ஒட்ட வேண்டும். அலாய் சக்கரத்தில் டியூப்லெஸ் டயர் வரும். முள்ளோடு மெதுவாக ஊர் வந்து சேர்ந்துவிடலாம். வேலியோரம் வண்டி ஓட்டுகிற ஜனங்களுக்கு அழகைவிட இது முக்கியம். மீட்டியரில் அலாயும் இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்கும் ஏபிஎஸ்ஸும் இருந்தன. அவெஞ்சரில் பின்சக்கரம் டிரம் பிரேக், ஏபிஎஸ் முன்னால் மட்டும். எடை குறைவு, விலையும் குறைவு என்பதால் அதை ஒதுக்கிவிட முடியாது. மலை ஏறாமல், ஊரோடு சந்தையோடு ஓட்டுகிறவருக்கு அது போதும். இவருக்கு மலை ஏற வேண்டியிருந்தது.

செம்மேடு பக்கம் இவருக்குப் பழக்கமான மிளகு விவசாயி ஒருவர் இருக்கிறார். தென்னைக்கு நடுவே மிளகுக்கொடி ஏற்றிப் பார்க்கலாம் என்று வேலூர்க்காரருக்கு நெடுநாள் எண்ணம். மாசியில் ஓடுகொடி எடுக்கும் பருவம். “போய்க் கொடி வாங்கிக்கிட்டு வரலாம், வண்டியையும் ஓட்டிப் பார்த்த மாதிரி ஆச்சு” என்று அக்கா மகனுடைய மீட்டியரையே ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கினார். ஷோரூமில் தரும் சோதனை ஓட்டம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வருவதோடு முடிந்துபோகும். அதில் வண்டியின் குணம் தெரியாது. தெரிந்தவரிடம் ஒரு நாள் கடன் வாங்கி, நாம் வழக்கமாகப் போகிற வழியில் ஓட்டிப் பார்ப்பதே சரி.

சேந்தமங்கலம் ரோட்டில்

காலை ஆறரைக்கு நாமக்கல்லை விட்டுக் கிளம்பினார். கோட்டைப் பாறை பனியில் பாதி மறைந்திருந்தது. சேந்தமங்கலம் வரை ரோடு நேர். இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு, சோளத்தட்டுப் போர், இடையிடையே கோழிப்பண்ணைக் கொட்டகை. அறுபதைத் தொட்டபோது 349 சிசி இன்ஜின் தடதடவென்று இல்லாமல் ஒரே சீராக முனகியது. பழைய புல்லட்டில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க டேங்கை ஆட்டிக் காதைக் கொடுக்க வேண்டும். இதில் முள்ளே இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ஐந்தாவது கியரில் முகத்தில் காற்று அடித்தபோது, 23 வயதில் இதே மாதிரி ஒரு மாசிக் காலையில் சந்தைக்குப் போனது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். தனியாகச் சிரித்துக்கொண்டு போனார் என்று எதிரே வந்த பால்காரர் பிறகு சொன்னார்.

காளப்பநாயக்கன்பட்டி தாண்டி ஒரு திருப்பத்தில் ரோட்டில் பாதியை மறித்துக் கொள்ளுச்செடி பரப்பியிருந்தார்கள். களம் இல்லாத ஊரில் ரோடுதான் களம், வருகிற வண்டிகள்தான் தாம்பு மாடு. நமக்கு வசதி. இரண்டு சக்கரத்தில் வருகிறவனுக்கு அது எண்ணெய் ஊற்றிய தரை. காய்ந்த கொடியும் அதன்மேல் உருளும் மணிகளும் டயரைப் பிடிமானம் இல்லாமல் செய்துவிடும். அதன்மேல் பிரேக் பிடிக்கவே கூடாது. முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகத் தாண்ட வேண்டும். தாண்டியதும் நிறுத்தி, சைலன்ஸரில் வைக்கோலோ கொடியோ சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது, சூட்டில் புகைய ஆரம்பிக்கும். அவர் சரியாகத்தான் தாண்டினார். அது அவருக்குக் கொஞ்சம் கூடுதல் தைரியத்தைக் கொடுத்துவிட்டது.

காரவள்ளி அடிவாரத்தில் ஒரு டீ. அங்கிருந்து மேலே பார்த்தால் மலை சுவர் மாதிரி நிற்கும். ரோடு எங்கே போகிறது என்று தெரியாது. ஒவ்வொரு வளைவுக்கும் எண் போட்ட பலகை உண்டு. முதல் பத்து வளைவு அகலம். ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. புதர்க்காடு போய்ப் பெரிய மரங்கள் வந்தன. குரங்குகள் தடுப்புச்சுவரில் வரிசையாக உட்கார்ந்து யார் கையில் பொட்டலம் இருக்கிறது என்று பார்த்தன.

கொண்டை ஊசியில் வண்டி வளைவதற்கு வேகம் உதவாது. ஏறும்போது வளைவுக்கு முன்பே முதல் கியருக்கோ இரண்டாவதுக்கோ வந்துவிட வேண்டும். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, வளைவு முடிந்து ரோடு வெளியேறும் இடத்தைப் பார்க்க வேண்டும். இடப்பக்கம் திரும்பும் வளைவுதான் கஷ்டம். நம் பாதி உள்பக்கம், அங்கே மேடு செங்குத்தாக இருக்கும். அங்கே நிற்க நேர்ந்தால், ஊன்றுகிற இடது காலுக்குத் தரை ஒரு சாண் கீழே போயிருக்கும். சமதளத்தில் முழுப் பாதம் ஊன்றியவருக்கும் அங்கே விரல் நுனிதான் எட்டும்.

நாற்பதைத் தாண்டி, அப்படி ஒரு இடப்பக்க வளைவு. மேலிருந்து ஒரு சரக்கு வண்டி மூக்கை நீட்டியது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது விதி. அந்த டிரைவர் நின்றும்விட்டார். இவருக்குத்தான் மனசு தடுமாறியது. வண்டி இரண்டாவது கியரில் முக்கியது. முதல் கியருக்கு மாற்ற வேண்டும். மாற்றினார். எந்தக் காலால்? வலது காலால்.

இன்றைய இளவட்டத்துக்கு இது புரியாது. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. ஒன்பது வருஷம் அதை ஓட்டியவரின் கால், இருபத்திரண்டு வருஷம் கழித்து, அவரைக் கேட்காமலே பழைய வேலையைச் செய்தது. வலது பாதத்தை மேலே தூக்கியது. அங்கே இருந்தது பிரேக் மிதி. பூட்ஸ் அதன் அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. கியர் மாறவில்லை. இன்ஜின் இரண்டு முறை உதறி நின்றது. கிளட்சைப் பிடித்ததும் வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கியது. பின்பிரேக்கை மிதிக்கக் கால் வெளியே வரவில்லை. இடது காலை ஊன்றினார். தரை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

191 கிலோ மெதுவாகத்தான் சாய்ந்தது. மெதுவாகச் சாய்கிற எடையைத் தடுக்கப் பார்த்துத்தான் பலர் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவர் தடுக்கவில்லை. காலை இழுத்துக்கொண்டு விலகிவிட்டார். இன்ஜின் காவலாக மாட்டியிருந்த கம்பி ரோட்டில் உரசி, வண்டி அதன்மேல் படுத்தது. ஆளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்.

பின்னால் ஏறி வந்த பஸ் நின்றது. கண்டக்டரும் இரண்டு பயணிகளும் இறங்கி ஓடி வந்தார்கள். அதில் ஒருவர் விவரமானவர். வண்டியை முதலில் கியரில் போட்டார், தூக்கும்போது உருளாமல் இருப்பதற்கு. பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் சீட்டின் அடிக்கம்பியையும் பற்றி, இடுப்பை வளைக்காமல் காலின் பலத்தில் பின்னோக்கித் தள்ளி நிமிர்த்தினார். நெல்மூட்டை தூக்குகிற முறைதான், திசை மட்டும் பின்பக்கம்.

பஸ் டிரைவர் தலை நரைத்தவர். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, “வலது காலைத் தூக்குனீங்க, மேலிருந்து பார்த்தனுங்க. பழைய புல்லட்டா?” என்று கேட்டார். ஆமாம் என்று இவர் தலையாட்டினார். “நானும் மொதல் மாசம் இப்பிடித்தானுங்க விழுந்தேன். பின்பிரேக்கை மிதிச்சுக்கிட்டே கிளட்சை விடுங்க, வண்டி இழுக்கறது தெரிஞ்சதும் பிரேக்கை எடுங்க, போங்க.” பஸ்ஸில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பார்க்க அவர் கிளம்ப வேண்டியிருந்தது. 55 வயதில் அது சின்ன விஷயமில்லை.

மேலே

சோளக்காடு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஆயிரம் மீட்டருக்கு மேல் என்பதால் வெயில் உறைக்கவில்லை. வீட்டு முற்றங்களில் தார்ப்பாயில் மிளகு காய்ந்தது. பச்சையிலிருந்து கறுப்புக்கு மாறும் நடுவில் ஒரு மண்நிறம் வருமே, அந்த நிறத்தில். சில்வர் ஓக் மரங்களில் கொடி முப்பதடி ஏறியிருந்தது. மூங்கில் ஏணியில் நின்று காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஊடே காப்பி, பலா, மலைவாழை, சரிவுகளில் அன்னாசி. சாமையும் தினையும் விளைந்த பல சரிவுகளில் இப்போது மரவள்ளி நிற்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சிறுதானியத்தை மீட்கப் பல வருஷம் வேலை செய்ததையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும்.

மிளகு விவசாயி வண்டியின் கம்பியில் சிராய்ப்பைப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சுக்குக்காப்பி வைக்கச் சொன்னார். கதையைக் கேட்ட பிறகு, “அண்ணே, வண்டி இங்கயே இருக்கட்டும். நீங்க பஸ்ல எறங்குங்க. ஞாயித்துக்கிழமை பையன் வந்து எடுத்துக்கட்டும்” என்றார்.

யோசிக்க வேண்டிய பேச்சுதான். ஏறும்போது கால் தவறினால் வண்டி நிற்கும், சாயும். இறங்கும்போது தவறினால் கதை வேறு. பிரேக் என்று நினைத்து இடது காலை அழுத்தினால், அது கியரை ஒரு படி கீழே தள்ளும். பின்சக்கரம் வெடுக்கென்று இழுபடும், வளைவில் வழுக்கும். ஏபிஎஸ் பிரேக்குக்குத்தான் காவல், இந்தத் தவறுக்கு இல்லை. அக்கா மகனுக்குச் சொல்லக் கூச்சம், மனைவிக்குச் சொல்லப் பயம். பஸ்ஸில் இறங்கினால் இனி வண்டிப் பேச்சே எடுக்க முடியாது என்றும் அவருக்குத் தெரியும். கடைசியில் அவர் சொன்னது: “ஒரு மணி நேரம் காலி இடத்துல ஓட்டிப் பாக்கறேன். அதுக்கு அப்புறமும் கால் மாறுச்சுன்னா பஸ்தான்.”

செம்மேட்டில் வல்வில் ஓரி குதிரைமேல் இருக்கும் சிலையைத் தாண்டி, ஒரு காலி மைதானம். மிளகு விவசாயி காய்ந்த வாழைநாரை எடுத்து, இவருடைய இடது பூட்ஸைச் சுற்றி இறுக்கி ஒரு கட்டுக் கட்டினார். “இந்தக் காலுக்கு பிரேக் கிடையாது. நார் உறுத்தும்போதெல்லாம் இதைச் சொல்லிக்குங்க.”

முதல் கால்மணி நேரம் முதல் கியரிலேயே எட்டுப் போட்டார். கிளட்சைப் பாதி பிடித்து, பின்பிரேக்கை லேசாக மிதித்தபடி, நடந்து போகிற வேகத்தில். பெரிய வண்டி ஓட்டுவதன் கஷ்டமெல்லாம் இந்த வேகத்தில்தான் இருக்கிறது. எழுபதில் போக யாராலும் முடியும். பிறகு இரண்டு, மூன்று என்று ஏற்றி இறக்கினார். மிளகு விவசாயி திடீர் திடீரென்று “நிறுத்து!” என்று கத்துவார். முதல் ஆறு முறையில் நான்கு முறை இடது கால் துடித்தது. முப்பதாவது முறை துடிக்கவில்லை. முழு மணி நேரமும் ஓட்டினார். பள்ளிக்கூடப் பையன்கள் சுவரில் ஏறி உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஓடுகொடி எடுத்தார்கள். பன்னியூர்-1 கொஞ்சம், கரிமுண்டா கொஞ்சம். கொடியின் அடியில் தரையோடு ஓடுகிற தண்டாகப் பார்த்து, இரண்டு மூன்று கணுவுக்கு ஒரு துண்டாக நறுக்கி, ஈரச்சாக்கில் சுற்றினார்கள். இந்த இடத்தில் கொடிக்கால் விவசாயிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிளகும் வெற்றிலையும் ஒரே குடும்பம். மிளகில் வாடல் நோயை உண்டாக்கும் பைட்டோப்தோரா வெற்றிலையையும் விடாது. வாடல் உள்ள தோட்டத்தில் கொடி எடுக்கவே கூடாது. எடுத்து வந்த கொடியைக் கொடிக்காலுக்குப் பக்கத்தில் வைக்காமல், தள்ளித் தென்னை நிழலில் தனி மண்கலவையில், டிரைக்கோடெர்மா விரிடி கலந்து வேர் பிடிக்க வைப்பது பாதுகாப்பு.

சாக்கைக் கட்டப் போனபோதுதான் இன்னொன்று தெரிந்தது. வண்டியில் கட்ட இடமில்லை. எக்ஸ்எல்லில் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் இரண்டு, மேலே ஒரு ஆள். இதில் பின்சீட்டில் ஒரு சின்னச் சிப்பத்தை ரப்பர் கயிற்றால் கட்டுவதோடு சரி. க்ரூஸர் வாங்கிவிட்டு எக்ஸ்எல்லை விற்க நினைப்பவர்கள் இந்தச் சாக்கை நினைத்துக்கொள்ளவும்.

மூன்று மணிக்கே இறங்கத் தொடங்கினார்கள். மிளகு விவசாயி தன்னுடைய 100 சிசி வண்டியில் முன்னால், இவர் இருபதடி பின்னால். இரண்டாவது கியர். வேகம் கூடினால் இன்ஜினே பிடித்துக்கொள்ளும். கிளட்சைப் பிடித்தபடி உருட்டிவிடுவது மலையில் செய்யக் கூடாத முதல் காரியம். அப்போது முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும், எழுபது வளைவுக்குள் அது சூடேறிப் பிடிமானம் குறையும். ஒவ்வொரு வளைவுக்கும் முன்பு நேர் ரோட்டிலேயே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பினார். காலையில் விழுந்த வளைவில் தாரில் வெள்ளைக் கீறல் தெரிந்தது. அங்கே நிற்கவில்லை. இருபது சொச்சம் வளைவு மிச்சம் இருக்கும்போது ஒரு நாய் குறுக்கே வந்தது. வலது கால்தான் போனது.

காரவள்ளியில் டீ குடித்து, ‘சரிங்க அண்ணே’ என்று சொல்லிவிட்டு மிளகு விவசாயி மறுபடி மலையேறினார்.

வீட்டில்

மனைவிக்கு அடுத்த நாளே தெரிந்துவிட்டது. அக்கா மகன் கம்பியில் இருந்த சிராய்ப்பைப் பற்றிப் போனில் சிரித்துப் பேச, பக்கத்தில் இருந்தவர் கேட்டுவிட்டார். சத்தம் போடுவார் என்று இவர் எதிர்பார்த்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “நான் பின்னால உக்காந்திருந்தா என்ன ஆயிருக்குமுங்க?”

பதில் இல்லை. உண்மையில் வண்டி தேர்ந்தெடுக்கும்போது யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பின்னால் ஆள் இருந்தால் எடை இன்னொரு ஐம்பது, அறுபது கிலோ கூடும், அதுவும் உயரத்தில். சாய்கிற வண்டியிலிருந்து ஓட்டுகிறவர் விலகிக்கொள்வார். புடவையோடு ஒரு பக்கமாக உட்கார்ந்திருப்பவர் எப்படி விலகுவார்?

இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள், போய்ப் பார்க்கலாம் என்று அவரே சொன்னார். நாமக்கல் ஷோரூமில் ஒவ்வொரு வண்டியிலும் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தது இந்த முறை அவர்தான். கிளாசிக்கின் பின்சீட்டில் பிடிக்க இடம் போதவில்லை என்றார். மீட்டியரில் முதுகுக்குச் சாய்மானம் வைத்த ரகம் இருந்தது. “சாஞ்சுக்க ஒண்ணு இருக்கில்ல, இதுதான். அந்த முன்கம்பியும் வேணும். ஐஎஸ்ஐ போட்ட ஹெல்மெட் ரெண்டு. மலைக்கு மட்டும் நான் பஸ்ல வரேன்.”

லைசென்ஸையும் அன்றே எடுத்துப் பார்த்தார்கள். கியர் வண்டிக்கான அனுமதி அதில் இருக்கிறதா, காலாவதி எப்போது என்று பணம் கட்டும் முன்பே பார்ப்பது நல்லது. கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஊரில் நிறையப் பேர். காலாவதியாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ வேண்டும். இவருக்கு எல்லாம் சரியாக இருந்தது.

வண்டி வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. விடிகாலை ஐந்தரைக்கு, ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், வாய்க்கால் கரையோரம் ஜேடர்பாளையம் அணைக்கட்டு வரை போய் வருகிறார். முப்பது, நாற்பது வேகம்தான். ஆள் இல்லாத இடமாகப் பார்த்து தினமும் பத்து முறை நிறுத்திக் கிளம்புகிறார். இரண்டு வாரம் கழித்து மனைவி முதல் முறையாகப் பின்னால் ஏறினார், மோகனூர் வரை. இறங்கியதும், “அந்த வண்டியாட்டம் சத்தம் இல்லீங்களே” என்றார். குறையாகச் சொன்னாரா என்று இவருக்குப் புரியவில்லை.

மிளகுக் கொடியில் பாதிக்கு மேல் துளிர்த்துவிட்டது. வாழைநார் மூன்றாவது வாரம் தானாக அறுந்து விழுந்தது, மறுபடி கட்டவில்லை. புல்லுக்கட்டு இன்னமும் எக்ஸ்எல்லில்தான் வருகிறது.